தேன் பெட்டியை எந்த மரத்தில் கட்டுவது?

திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் ஓர் ஐயாவின் வளவுக்குப் போயிருந்தேன். காட்டுத் தேனீக் கூட்டம் தானாக வந்து குடியேறட்டும் என்று வெறும் பெட்டி ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். "தம்பி, நாலு மாசமாக் கட்டி வைச்சிருக்கன், ஒரு பூச்சி கூட வருதில்ல" என்றார். பெட்டியில் குறையே இல்லை. ஆனால் அது மேற்குப் பார்த்த தகரக் கொட்டிலில் தொங்கியது. பின்னேரம் இரண்டு மணிக்கு மூடியைத் தொட்டேன், சுட்டது. அந்தச் சூட்டில் தேனீ கட்டும் மெழுகு வதை (தேனடை) எப்படி நிற்கும்?

நம்மிடம் பெட்டிக்கு வருவது மரப்பொந்தில் வாழும் சிறு தேனீ. உயரக் கிளையில் ஒற்றை வதை கட்டும் மலைத்தேனீ பெட்டிக்குள் வராது, அதை நெருங்கவும் வேண்டாம். இணையத்தில் பலர் சொல்லும் 40 லீற்றர் பெட்டி ஐரோப்பியத் தேனீக்கானது. நம் தேனீக்கு 10 முதல் 15 லீற்றர் போதும். பழைய மண்முட்டியும் நல்லதுதான். உள்ளே பழைய மெழுகைத் தேய்த்துவிடுங்கள்.

கூட்டம் பிரியும்போது வேவுத் தேனீக்கள்தான் இடம் பார்க்கும். அவை தேடுவது இருட்டும் ஈரமில்லாத குளிர்ச்சியும். அதனால் மதியத்துக்குப் பிறகு நிழல் விழும் மரமாகப் பாருங்கள். காட்டோரத்திலோ குளக்கட்டிலோ தனியாக நிற்கும் பெரிய மரம் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். வாசல் தென்கிழக்கைப் பார்த்தால் வாடைக் காற்றும் கச்சான் காற்றும் நேரே அடிக்காது. உயரம் எட்டு, பத்து அடி போதும். கூட்டம் ஏறிய பெட்டியோடு இரவில் ஏணியில் இறங்கப் போவது நீங்கள்தானே. முசுறு எறும்பு கூடு கட்டிய மரத்தை விட்டுவிடுங்கள். மருந்தடிக்கும் வயல் வரம்பும், பிள்ளைகள் நடக்கும் பாதையும் வேண்டாம்.

மாரி மழை ஓய்ந்து மரங்கள் பூக்கத் தொடங்குமுன் கட்டிவிட வேண்டும். அப்புறம் அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். பத்துப் பதினைந்து தேனீ வாசலில் சுற்றினால் வேவு மட்டுமே.

ஐயாவின் பெட்டியை வளவுக் கோடியில் நின்ற புளியமரத்துக்கு மாற்றினோம். சில கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, கால்ல மஞ்சளை ஒட்டிக்கொண்டு உள்ளுக்குப் போகுதுகள்!" அது மகரந்தம், குடியேறிவிட்டன. அன்றே இறக்கப் போனவரைத் தடுத்தேன். வதையில் தேனீயின் குஞ்சுப் புழு தெரியுமுன் தொந்தரவு செய்தால் கூட்டத்தோடு ஓடிவிடும். அதே வளவில் கொஞ்சம் தள்ளி வைத்தாலும், மேய்ச்சலுக்குப் போனவை பழைய மரத்துக்கே திரும்பும். ஐயா அதைப் புளியிலேயே விட்டுவிட்டார்.