ஓடி முடித்த கையோடு மைக் பிடிக்காதீர்கள்

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஐந்து கிலோமீட்டர் ஜாலி ஓட்டம். அது முடிந்ததும் ஸ்டார்ட்அப் நடத்தும் இளைஞர்கள் முதலீட்டாளர்கள் முன்னால் ஆளுக்கு இரண்டு நிமிடம் பிட்ச் செய்ய வேண்டும், அதாவது தங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லி முதலீடு கேட்க வேண்டும். முதலுதவிக் கூடாரம் என் பொறுப்பு. ஓட்டம் முடியும்வரை எனக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு கணுக்கால் சுளுக்கு, இரண்டு மூன்று கொப்புளம், அவ்வளவுதான். மேடையில் பேச்சு ஆரம்பித்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருவருமே பிட்ச் வரிசையில் நின்றவர்கள். ஒருவருக்கு வயது இருபத்தாறோ என்னவோ, ஓடுகிற பாம்பை மிதிக்கிற வயது.

காரணம் சிக்கலானதல்ல. ஓடும்போது ரத்தத்தின் பெரும்பங்கு கால் தசைகளுக்குப் போகிறது. அதைத் திரும்ப மேலே தள்ளுவதில் இதயத்துக்கு ஒத்தாசை செய்வது கெண்டைக்கால் தசைகள். ஒவ்வோர் அடிக்கும் அவை பம்பு மாதிரி பிழிந்து அனுப்புகின்றன. சடாரென்று நின்றால் அந்தப் பம்பும் நின்றுவிடும். ரத்தம் காலிலேயே தேங்கும். போதாததற்கு, வெப்பத்தை வெளியேற்றுவதற்காகத் தோலின் ரத்தக் குழாய்களும் விரிந்து கிடக்கும். ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். வெறும் ஓட்டம் என்றால் முடித்தவர்கள் அங்கே இங்கே நடப்பார்கள், படம் எடுப்பார்கள், இட்லி எங்கே என்று தேடுவார்கள். பிட்ச் இருந்தால் வெயிலில் ஆடாமல் அசையாமல் வரிசையில் நிற்கிறார்கள், அதுவும் படபடப்போடு. மயங்குவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறில்லை.

அப்புறம் நம் ஊர் வைத்தியம். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு, மயங்கியவரை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முகத்தில் சோடா தெளிப்பார்கள். தயவுசெய்து உட்காரவைக்காதீர்கள். நிழலில் படுக்கவைத்து இரண்டு காலையும் தூக்கிப் பிடியுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார். அன்றைக்கு வந்த இருவரும் அப்படித்தான் எழுந்தார்கள். ஒருவர் கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என் நம்பர் போயிடுச்சா?"

ஓடி முடித்து நின்றபின் விழுந்தால் அநேகமாக இந்த ரத்த அழுத்த விவகாரம்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் விழுந்தால் கதை வேறு. இதயமாக இருக்கலாம், வெப்பத் தாக்காக இருக்கலாம், சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். ஆள் தள்ளாடுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார், காரணமில்லாமல் எரிந்து விழுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வியர்வை இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் அங்கேயே பனிக்கட்டி போட்ட தண்ணீரால் உடம்பைக் குளிரவைக்க வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்குவதில்தான் உயிர் இருக்கிறது. மாரத்தான் ஓடுபவர்களுக்குத்தான் இது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்த தூரத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஓடுபவர்களுக்கும் வரும்.

அந்த வேகத்துக்குத்தான் இங்கே ஒரு தனிக் காரணம் இருக்கிறது. பக்கத்தில் முதலீட்டாளர் ஓடினால் நம் பிள்ளைகள் தங்கள் வேகத்தில் ஓடுவதில்லை, அவருடைய வேகத்தில் ஓடுகிறார்கள். முந்தின இரவு இரண்டு மணிவரை ஸ்லைடைத் திருத்திவிட்டு, வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டு வந்திருப்பார்கள். முட்டி வலிக்கு முன்கூட்டியே ஒரு மாத்திரை போட்டுக்கொள்பவர்களும் உண்டு. வியர்த்து வற்றிய உடம்பில் அந்த வலி மாத்திரை சிறுநீரகத்துக்குக் கெடுதல். இதற்கு நேர்மாறாக, ஐம்பதைத் தாண்டிய முதலீட்டாளர் இளைஞர்கள் முன்னால் சளைக்கக் கூடாது என்று ஓடுவார். எனக்கு அதிகம் பயம் அவரைப் பார்த்துத்தான். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் வருபவர்களும் இவர்களில்தான் இருக்கிறார்கள். நெஞ்சு அடைப்பது, தாடையிலோ கையிலோ வலி பரவுவது, குளிர்ந்த வியர்வை, இவற்றை "வாயு" என்று சொல்லிக்கொண்டு ஓட்டத்தை முடிக்கப் பார்ப்பது இங்கே சகஜம்.

அளவுகோல் மிகச் சுலபம். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பேசுவதற்காக வைத்த ஓட்டத்தில் பேச முடியாத வேகம் எதற்கு? மே மாதச் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் கடலுக்கு மேலே வந்துவிடும். ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகும், உடம்பு குளிராது. அந்த மாதங்களில் இப்படிப்பட்ட நிகழ்ச்சியை வைக்காமலிருப்பதே நல்லது. வைத்தே தீர வேண்டும் என்றால் நேரம் அளக்காதீர்கள், முதல் மூன்று இடத்துக்குப் பரிசு என்று அறிவிக்காதீர்கள்.

கழிப்பறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மைதானத்தில் கழிப்பறையோ உடை மாற்ற இடமோ இல்லை என்றால் பெண்கள் செய்யும் முதல் காரியம் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது. மேடையின் பேக்டிராப்புக்கு ஆகும் செலவில் ஒரு பங்கு இதற்குப் போதும். இதை ஒவ்வொரு முறையும் அமைப்பாளர்களிடம் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுகிறார்கள்.

ஓட்டத்தையும் ஆள் பழகுவதையும் சேர்ப்பது கெட்ட யோசனை என்று நான் சொல்லவில்லை. 1938-இல் கோலாலம்பூரில் இருந்த வெள்ளைக்காரர்கள் வேலை முடிந்து சேர்ந்து ஓடத் தொடங்கியதுதான் இன்று உலகம் முழுக்க இருக்கும் ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ். ஓடி முடித்துப் பீரோடு உட்கார்வது அவர்கள் வழக்கம். பீரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஆனால் உட்கார்ந்தார்கள் பாருங்கள், அது சரி. எதிரெதிரே உட்கார்ந்தால் வாயடைத்துப் போகும் பிள்ளைகள் பக்கவாட்டில் ஓடும்போது தடையில்லாமல் பேசுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை அதே அமைப்பாளர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: மேடையை ஃபினிஷ் லைனிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போடுங்கள். போட்டார்கள். நடுவழியில் உப்புப் போட்ட மோர், மேடைக்கு எதிரே பந்தல், பந்தலுக்குள் நாற்காலி. டோக்கன் கொடுத்ததால் வரிசையே இல்லை, பெயர் கூப்பிட்டால் எழுந்து போனால் போதும். எல்லாரும் வேறு வழியில்லாமல் பத்து நிமிடம் நடந்தார்கள். சிலர் அந்த நடையிலேயே பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டு மேடைக்கே போகவில்லை. அன்றைக்கு என் கூடாரத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர். அதில் மூன்று பேர் போன் சார்ஜர் கேட்டு வந்தவர்கள்.