அசேக்கியா: வாய்க்காலா, ஊரா?

ஸ்பானிய அகராதியைப் புரட்டினால் 'அசேக்கியா' என்பதற்குப் பாசன வாய்க்கால் என்று ஒரே வரியில் பொருள் போட்டிருக்கும். அதோடு விட்டுவிட்டால் பாதிப் பொருள்தான் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலும் தெற்குக் கொலராடோவிலும் 'அசேக்கியா கூடிப் பேசியது', 'அசேக்கியா ஒத்துக்கொள்ளவில்லை' என்றும் சொல்வார்கள். மண்ணில் வெட்டிய வாய்க்கால் எப்படிக் கூடிப் பேசும்? அந்த வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் குடும்பங்களின் சங்கத்துக்கும் அதே பெயர்தான்.

சொல் பிறந்த இடம் அரபி மொழி. 'ஸாகியா' என்றால் நீர் பாய்ச்சுவது. அதன் முன் 'அல்' என்ற சுட்டு சேரும்போது ஒலி மாறி 'அஸ்-ஸாகியா' ஆகும். 711இல் அரபியரும் வட ஆப்பிரிக்கப் பெர்பர்களும் ஸ்பெயினுக்குள் வந்த பிறகு, ஸ்பானியர்கள் சுட்டையும் சேர்த்தே சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரையைக் குறிக்கும் 'அசூக்கர்', பருத்தியைக் குறிக்கும் 'அல்கொதோன்' எல்லாம் இப்படி வந்தவைதான். உருது கஜல்களில் கிண்ணத்தை நிரப்பும் 'சாகி' இருக்கிறாரே, அவரும் இதே வேர்தான்! எகிப்தில் மாடு கட்டி இறைக்கும் நீர்ச்சக்கரத்துக்கு 'ஸாகியா' என்று பெயர். ஸ்பெயினில் அது வாய்க்காலைக் குறித்தது. அங்கே வலென்சியா நகரத்தின் தண்ணீர் மன்றம் இன்றும் வியாழக்கிழமை நண்பகலில் தேவாலய வாசலில் கூடி, வாய்க்கால் தகராறுகளை வாய்மொழியாகவே தீர்த்துவைக்கிறது.

1598இல் ஸ்பானியக் குடியேறிகளோடு சொல் நியூ மெக்சிகோவுக்குப் போனது. பாசனம் அவர்களோடு வரவில்லை. பூர்வகுடிகளான புவெப்லோ மக்கள் அதற்கு முன்பே அங்கே தண்ணீரைத் திருப்பி விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள்.

அசேக்கியா எப்படி உருவாகும் என்பதற்கு நல்ல சாட்சி கொலராடோவின் சான் லூயிஸ். கொலராடோவின் மிகப் பழைய ஊர் என்று பெயர் பெற்றது. நியூ மெக்சிகோவின் தாவோஸ் பக்கத்திலிருந்து கிளம்பிய குடும்பங்கள் 1851இல் குலேப்ரா ஓடைக்கரையில் குடியேறின. யூட் பூர்வகுடி மக்கள் நடமாடிய நிலம் அது என்பதையும் மறக்கக் கூடாது. ஏறக்குறைய 8,000 அடி உயரம், மழை குறைவு. மலையில் பனி உருகி வரும் நீர்தான் கதி. அதனால் மறு வருடமே மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்கள். அவர்கள் வெட்டியதுதான் 'மக்கள் வாய்க்கால்'. அதன் தண்ணீர் உரிமை 1852 ஏப்ரல் 10 தேதியிட்டது. கொலராடோவில் இன்றுவரை தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கும் உரிமைகளில் முதலாவது.

நிலத்தைப் பிரித்த விதத்திலும் வாய்க்கால்தான் கணக்கு. சதுரமாக வெட்டவில்லை, அகலம் குறைந்த நீளத் துண்டுகளாக ஓடையிலிருந்து மேட்டை நோக்கி அளந்தார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் வயல், கொஞ்சம் மேடு.

பிறகு வந்த கொலராடோ சட்டம் 'முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை' என்றது. பஞ்சத்தில் பிந்தி வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அசேக்கியா வழக்கமோ, பற்றாக்குறை வந்தால் இருப்பதைப் பங்கு போட்டுக்கொள்வது. இந்த வழக்கங்களுக்குக் கொலராடோ தனிச் சட்டம் போட்டு இடம் கொடுத்தது 2009இல்தான். பங்கின் அளவு எதுவானாலும் நில உரிமையாளருக்கு ஒரு வாக்கு என்று சங்கமே விதி வைத்துக்கொள்ள அதில் வழி உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கால்வாய்' வேண்டாம். கால், வாய் என்ற அதே இரண்டு சொற்கள் இடம் மாறியதுதான் என்றாலும், இன்று கால்வாய் என்றதும் அரசு வெட்டிய பெரிய கான்கிரீட் கரைதான் நினைவுக்கு வருகிறது. 'வாய்க்கால்' நெருங்கி வருகிறது, ஆனால் அது மண்ணை மட்டும் சொல்கிறது, மனிதர்களை விட்டுவிடுகிறது. 'நீர்ப்பாசனக் கூட்டுறவுச் சங்கம்' என்றால் ரப்பர் ஸ்டாம்பு வாசனை. என் கட்சி 'ஊர்வாய்க்கால்'. 'ஊர்' என்றால் நமக்கு இடமும்தான், ஆட்களும்தான். 'ஊர் என்ன சொல்லும்' என்கிறோம். சோழர் கல்வெட்டுகளில் கிராம சபைக்கே 'ஊர்' என்று பெயர். அசேக்கியாவின் இரண்டு பொருளும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன.

கூட வரும் சொற்களில் சில சுலபம். ஓடையில் கல்லும் தழையும் போட்டு நீரைத் திருப்பும் 'ப்ரெசா' நம் காவிரிக்கரைக் கொரம்புதான். 'அசேக்கியா மாத்ரே' சொல்லுக்குச் சொல் தாய் வாய்க்கால். நம் வழக்கில் தலைவாய்க்கால். அதிலிருந்து வயலுக்குப் பிரியும் சின்ன வாய்க்கால் 'சங்ரீயா', அதாவது இரத்தம் வடித்தல்! இதற்கு ஈடு தேட வேண்டாம், கிளை வாய்க்கால் போதும். 'மயோர்தோமோ'தான் இடறுகிறது. யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பவர் அவர். நம் ஊர்களில் வயலுக்குத் தண்ணீர் திறந்து பங்கிடுபவரின் பெயரான 'நீர்க்கட்டி' என்று சொல்ல ஆசைதான். ஆனால் நம் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் பரம்பரையாக அந்த வேலை பார்த்தவர்கள், பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. மயோர்தோமோவைச் சங்கத்தார் தேர்ந்தெடுக்கிறார்கள். 'வாய்க்கால் மணியம்' கொஞ்சம் பொருந்தும்.

இளவேனிலில் தண்ணீர் விடுவதற்கு முன் வீட்டுக்கு வீடு ஆள் வந்து தூர் வாரும் நாள் 'லிம்பியா'. நிலத்தின் அளவுக்குத் தக்கபடி ஆள் அனுப்ப வேண்டும். இதற்கு யோசிக்கவே வேண்டாம், குடிமராமத்துதான். அந்தச் சொல்லின் பின்பாதியான 'மராமத்து' தூய தமிழ் அல்லவே என்று யாராவது கொடி பிடிக்கலாம். உண்மைதான், பாரசீகம், உருது வழியாக வந்த சொல் அது. பிறந்த இடம், 'அஸ்-ஸாகியா'வைப் போலவே, அரபி.