பேட்டரி மேல் பழி போடாதீர்கள்

பழைய கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பலரும் உடனே புது பேட்டரி வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரம் ஓடும். அப்புறம் மறுபடி அதே ‘டிக் டிக்’ சத்தம். ‘அண்ணே, புது பேட்டரியே சரியில்லை போல’ என்று பட்டறைக்கு வருவார்கள். பேட்டரி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

சிங்கப்பூர் சூட்டில் பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் உழைக்கும் என்பது உண்மை. ஆனாலும் மாற்றும் முன் மல்டிமீட்டரில் (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லையென்றால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதைச் சுழற்றும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். சில கார்களில் கணினியே சார்ஜைக் குறைத்து வைக்கும். அதனால் ஹெட்லைட்டையும் ஏர்கானையும் போட்டு இன்னொரு முறை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சார்ஜ் ஆவதிலும் குறையில்லை, ஆனால் நிறுத்தி வைத்தால் இறங்கிவிடுகிறது என்றால், எதுவோ மின்சாரத்தை இழுக்கிறது. நான் முதலில் தேடுவது டேஷ்கேமைத்தான். வீவக அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் யாராவது கீறிவிடுவார்களோ என்று இரவு பகலாக ஓட விடுகிறார்கள். அது 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணி போய்விடும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் பாதி காலி. வார நாளில் எம்ஆர்டி ரயில், சனி ஞாயிறு மட்டும் கார் என்று இருப்பவர்களுக்கு இது நிச்சயத் தொல்லை. குறைந்த வோல்ட்டில் தானாக அணையும் வசதி கேமராவில் இருந்தால் 12.2-க்கு வைத்துவிடுங்கள்.

முன்பு வைத்திருந்தவர் மாட்டிய அலாரம், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், வாங்கியவருக்கே தெரியாது. காரைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு அளந்தால், பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம்; எதைக் கழற்றும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ, கோளாறு அந்த லைனில்தான்.

பேட்டரியைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் வயர் துருப்பிடித்தாலும் பேட்டரி செத்தது போலவே இருக்கும். அதைச் சுத்தம் செய்ய அதிகச் செலவில்லை.

மழைக்காலத்தில் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிந்தால், தரைவிரிப்பை அழுத்திப் பாருங்கள். சன்ரூஃப் வடிகால் அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்கி, கனெக்டர்கள் பச்சை பூத்துக் கிடக்கும். பழைய கார் வாங்கும்போதே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 10 ஆம்பியர் இடத்தில் 30 போடவே போடாதீர்கள். ஃபியூஸ் தாங்கும், வயர் தாங்காது, உருகித் தீப்பிடிக்கும்.