வேக ஓட்டத்தில் எரிவது சர்க்கரை, கொழுப்பு எரிவது அதற்குப் பிறகு

அரை நிமிடம் முழு மூச்சாக ஓடி, ஓரிரு நிமிடம் மெல்ல நடந்து, மீண்டும் ஓடுவது என்று மாறி மாறிச் செய்யப்படும் அதிதீவிர இடைவெளிப் பயிற்சி உடற்கொழுப்பைக் குறைக்க உதவுகிறது. ஆனால், அந்த வேக ஓட்டத்தின்போது தசைகள் பெரும்பாலும் கொழுப்பை எரிப்பதில்லை, சர்க்கரையைத்தான் எரிக்கின்றன.

முதல் சில விநாடிகளுக்குத் தசையில் இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்னும் வேதிப்பொருள் ஆற்றல் தருகிறது. அது தீரத் தொடங்கியதும், தசையில் சேமித்து வைக்கப்பட்டுள்ள சர்க்கரையான கிளைக்கோஜன் விரைவாக உடைகிறது. கொழுப்பு இவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அட்ரினலின் தூண்டுதலால் கொழுப்புச் செல்லிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலம், இரத்தத்தில் அல்புமின் என்னும் புரதத்தோடு ஒட்டிப் பயணம் செய்து, தசைக்குள் நுழைந்து, கார்னிட்டின் என்னும் சேர்மத்தின் உதவியோடு, செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அடைந்த பிறகே, ஆக்சிஜனுடன் சேர்ந்து எரிய முடியும். கடும் உழைப்பின்போது கட்டற்ற கார்னிட்டின் குறைந்துவிடுவதால், இந்த வாசலே குறுகிப்போகிறது எனக் கருதப்படுகிறது.

பயிற்சி முடிந்த பிறகு நிலைமை மாறுகிறது. காலியான கிளைக்கோஜனை நிரப்புவதற்கு உணவின் மாவுச்சத்து ஒதுக்கப்படுவதால், அடுத்து வரும் மணி நேரங்களில் உடல் தன் அன்றாடத் தேவைக்குக் கொழுப்பை அதிகம் நாடுகிறது. பயிற்சிக்குப் பின்னும் ஆக்சிஜன் நுகர்வு சற்று உயர்ந்தே இருக்கும் என்பதும் உண்மைதான். ஆயினும், அந்தக் கூடுதல் செலவு பயிற்சியில் செலவான ஆற்றலில் ஏறத்தாழ 6 முதல் 15 சதவீதம் மட்டுமே. அதாவது, 200 கலோரி செலவழித்தவருக்கு மேலும் 12 முதல் 30 கலோரி வரை. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருப்பதை நினைத்தால், ‘நாள் முழுக்கக் கொழுப்பு எரியும்’ என்ற விளம்பர வாக்கை நம்பி உழைப்பவர்கள் ஏமாறுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

இம்முறையைப் புகழ்பெறச் செய்தது ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டாவின் 1996ஆம் ஆண்டு ஆய்வு. 20 விநாடி கடும் உழைப்பு, 10 விநாடி ஓய்வு என ஏழெட்டு முறை செய்வது அதன் வடிவம். அது அளந்தது உடலின் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறனையும், ஆக்சிஜன் போதாதபோதும் உழைக்கும் திறனையுமே தவிர, கொழுப்பை அன்று. கொழுப்பைப் பொறுத்தவரை, 1994இல் கனடாவின் லவால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோல்மடிப்புத் தடிமனை அளந்து, இடைவெளிப் பயிற்சியே மேல் என்று காட்டினர். பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மிதமான வேகத்தில் தொடர்ந்து செய்யும் பயிற்சியும் ஏறக்குறைய அதே அளவு கொழுப்பையே குறைப்பதாகத் தெரிந்தது.

ஆகவே, இதன் உண்மையான ஆதாயம் நேரம் என்றே நான் கருதுகிறேன். குறைந்த நேரத்தில் அதே பலன் கிடைப்பதோடு, தசைகளில் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதால், மிதமான உழைப்பின்போது கொழுப்பை எரிக்கும் திறனும் வளர்கிறது. ஆனால், உண்ணும் ஆற்றல் செலவாகும் ஆற்றலைவிடக் குறையாத வரை, சேமிப்பில் இருக்கும் கொழுப்பு குறையாது.

கடும் உழைப்பு இதயத்துக்கும் மூட்டுகளுக்கும் சுமை என்பதால், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். இடையிடையே ஓய்வு நாள் வேண்டும். இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். நெடுநாள் பழக்கம் விட்டுப்போனவர்கள் முதலில் சில வாரங்கள் விரைந்து நடந்து பழகிவிட்டு, அதன் பிறகு வேகத்தைக் கூட்டலாம்.