ஹார்வி டென்ட்டுக்கு யார் துரோகம் செய்தார்கள்?

என்னிடம் மன ஆலோசனைக்கு வந்து ஹார்வி டென்ட்டைக் காட்டுபவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். உட்கார்ந்ததும் போனை என் பக்கம் திருப்பினார். திரையில் பாதி முகம் வெந்துபோன ஹார்வி டென்ட், பேட்மேன் படத்தில் நேர்மையான அரசு வழக்கறிஞராக இருந்து வில்லனாக மாறுபவன். "எனக்கு நடந்ததும் இதுதான் சார். நானும் நல்லவனாத்தான் இருந்தேன்." பத்து வருட நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் வேறொருவரோடு தொழில் தொடங்கிவிட்டாராம். வலிக்கும்தான். (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வில்லனுக்காகப் பரிதாபப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 'துரோகம்தான் அவனை அப்படி ஆக்கியது' என்று நியாயம் பேசும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2008-இல் வந்த 'தி டார்க் நைட்' படத்தையே எடுத்துக்கொள்வோம். டென்ட்டின் காதலி ரேச்சலின் சாவுக்குத் திட்டம் போட்டவன் ஜோக்கர் என்ற வில்லன். அவனே ஆஸ்பத்திரிக்கு வந்து, டென்ட்டின் கையில் துப்பாக்கியையும் கொடுக்கிறான். டென்ட் நாணயத்தைச் சுண்டிவிட்டு அவனை விட்டுவிடுகிறான். கடைசியில் துப்பாக்கி நீள்வது போலீஸ் அதிகாரி கார்டனின் சின்ன மகனை நோக்கி. காப்பாற்ற ஓடிய மனிதரின் பிள்ளை!

காரணம் எளிது. ஜோக்கரை அவன் ஒருநாளும் நம்பியதில்லை, கார்டனை நம்பினான். சரி, கார்டன்மேல் குற்றமே இல்லையா? இருக்கிறது. அவருடைய ஆட்களில் சிலர் சரியில்லை என்று டென்ட் முன்பே எச்சரித்தான். அவர்களை வைத்தேதான் அவர் வேலை பார்த்தார், ரேச்சல் சிக்கியது அவர்களால்தான். தப்புக்கணக்கு. ஆனால் டென்ட்டின் மனதில் அது தனக்கென்றே செய்யப்பட்ட துரோகமாகிவிடுகிறது. காயம் நிஜம். ஆனால் காயப்படுத்தும் எண்ணம் அவருக்கு இருந்தது என்பதற்கு அந்தக் காயம் சாட்சி ஆகாது. எவ்வளவு ஆழமாக வலித்தாலும் ஆகாது. அடுத்தவர் செயலுக்குச் சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தையே காரணமாக்கும் இந்தப் பிழைக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் பெயரே வைத்துவிட்டார்.

தவிர, டென்ட்டின் உள்மனதை எழுதிவைக்க ஒரு கதாசிரியர் இருந்தார். உங்கள் நண்பரின் மனதை யாரும் உங்களுக்கு எழுதித் தரவில்லை. (இந்த வேலைக்கு வந்தபின் ஒரு படத்தையும் நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை, அது வேறு கதை.)

அந்த சீனை இருபதாவது முறை போட்டுப் பார்க்காதீர்கள். அது சிந்தனை இல்லை, அரைத்த மாவையே அரைப்பது. நள்ளிரவில் மெசேஜ் அனுப்பாதீர்கள். பொது நண்பர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். ஒரு தாளில் இடப்பக்கம் நடந்ததை மட்டும் எழுதுங்கள், ஊகித்ததெல்லாம் வலப்பக்கம். அவரையோ உங்களையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் மட்டும் தாள், பேனா எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போய்விடுங்கள், தயவுசெய்து.

இவரும் எழுதிக்கொண்டு வந்தார். இடப்பக்கம் மூன்றே வரி. வலப்பக்கம் நிரம்பி, தாளைத் திருப்பிப் பின்னாலும் எழுதியிருந்தார். "ஏன் சொல்லாமல் போனார் என்று அவரிடம் கேட்டீர்களா?" என்றேன். கேட்கவில்லையாம், எட்டு மாதமாக.