நாலில் மட்டும் காற்று வருகிறதா?

திருகோணமலையில் வாகன வயரிங் வேலை செய்கிறவனிடம் ஹீற்றர் பற்றிக் கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும். ஆடி மாதத்து கச்சான் காற்றில் ஏசி போட்டும் முதுகு வேர்க்கிற ஊர் இது. ஆனால் டாஷ்போர்டுக்குள் ஏசிக்கு ஒன்று, ஹீற்றருக்கு ஒன்று என்று இரண்டு விசிறி இல்லை. ஒரே புளோவர்தான். அது தள்ளுகிற காற்று முதலில் ஏசியின் குளிர்க் கொயிலைக் கடந்து, தேவையென்றால் ஹீற்றர் கொயில் வழியாகவும் போய், முகத்துக்கோ காலுக்கோ கண்ணாடிக்கோ வருகிறது. அதனால் 'ஏசி வேலை செய்யவில்லை' என்று என்னிடம் வருகிற வாகனங்களில் பலவற்றில் குளிரூட்டுகிற கேஸ் சரியாகத்தான் இருக்கும். காற்றுத்தான் இருக்காது.

கிண்ணியாவில் இருந்து மீன் வியாபாரி ஒருவர் தன் வான் வண்டியைக் கொண்டுவந்தார். "தம்பி, மீன் ஏத்தி ஏத்தி வானுக்குள்ள நாத்தம் ஊறிட்டு, அத விடுங்க. காத்து நாலுல மட்டும்தான் வருது. ஒன்னு, ரெண்டு, மூணுல சத்தமே இல்ல" என்றார். ஒரே வருடத்தில் இரண்டு தரம் ரெசிஸ்டர் (விசிறி வேகத்தைக் குறைக்கிற தடை) மாற்றியாகிவிட்டதாம்.

"காக்கா, நாத்தத்தையும் விடக்கூடாது" என்றேன். (காக்கா என்றால் இங்கே அண்ணன்.) ரெசிஸ்டரைச் செருகுகிற சொக்கெட் சூடேறினால் அதன் பிளாஸ்டிக்கும் சில நேரம் மீன் கருகின மாதிரித்தான் மணக்கும். மீன் வானில் அதை யார் கண்டுபிடிப்பது!

நாலில் மட்டும் ஓடுவது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பழைய முறைச் சுவிட்ச் உள்ள வாகனங்களில் முதல் மூன்று வேகத்திலும் மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. வேகத்தைக் குறைக்கிறது என்றால் மிச்சச் சக்தியை அந்த ரெசிஸ்டர் சூடாக்கித் தொலைக்கிறது என்று அர்த்தம். நாலாவது வேகம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேரே போகும். அதனால் நாலு மட்டும் ஓடினால் மோட்டருக்கு உயிர் இருக்கிறது, ரெசிஸ்டரோ அதன் மேல் உள்ள வெப்பப் பியூஸோ போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். அதுவரை சரி. ரெசிஸ்டர் தானாகச் சாவது குறைவு என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

காக்காவின் வானில் குளோவ் பொக்ஸைக் கழற்றிக் கையை விட்டேன். வெள்ளைச் சொக்கெட் தேயிலைச் சாயம் போல் பழுத்து, ஒரு முனையைச் சுற்றி உருகி ஒட்டிப்போயிருந்தது. புது ரெசிஸ்டரை இரண்டு தரமும் அந்தப் பழைய சொக்கெட்டிலேயே செருகியிருக்கிறார்கள். நம் ஊர் உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். பூத்த இடத்தில் 0.1 ஓம் தடை வந்தாலே போதும். 20 அம்பியர் ஓடும்போது அங்கே 2 வோல்ட் விழுந்து, 40 வாட் சூடாக மாறும். நான் வயர் ஒட்டுகிற சோல்டரிங் அயனே 40 வாட்தான். அதைச் சுண்டுவிரல் அகலமுள்ள பிளாஸ்டிக்குக்குள் வைத்துவிட்டு மூதூருக்கும் திருகோணமலைக்கும் ஓடியிருக்கிறார் மனுஷன்.

அப்புறம் மோட்டரை இறக்கி விசிறியைக் கையால் சுண்டினேன். நல்ல மோட்டர் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித்தான் நிற்கும். இது அரைச் சுற்றில் நின்றது. வயரைக் கவ்வி மின்சாரத்தை அளக்கிற கிளாம்ப் மீற்றரைப் போட்டால் நாலில் 27 அம்பியர் இழுத்தது. அதே மாதிரி வானில் நான் பார்த்த நல்ல மோட்டர் 18 சொச்சத்தில் நின்றது. துருப்பிடித்த மோட்டர் கூட இழுக்க, ரெசிஸ்டரும் சொக்கெட்டும் அந்தப் பாரத்தைச் சுமந்திருக்கின்றன. மோட்டர், ரெசிஸ்டர், சொக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றினேன். முதலிலேயே செய்திருந்தால் இரண்டு ரெசிஸ்டர் காசு மிச்சம்.

பியூஸ் பெட்டியில் இன்னொன்று காத்திருந்தது. 30 அம்பியர் பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ இரண்டு செம்பு நூலைச் செருகி வைத்திருந்தார்கள். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பியூஸ் எரிவது பழுது இல்லை, பழுதைச் சொல்கிற வாய். அதை அடைத்துவிட்டால் அடுத்து எரிவது டாஷ்போர்டுக்குள் போகிற வயர். அதை அணைக்க அங்கே கையும் போகாது.

உள்ளே வருகிற காற்றை வடிக்கிற காபின் பில்டரைப் பற்றி ஒரு தப்பான கதை உலாவுகிறது. பில்டர் அடைத்தால் மோட்டருக்குப் பாரம் கூடி ரெசிஸ்டர் எரியும் என்பார்கள். உண்மையில் காற்றைத் தள்ள முடியாத விசிறி குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் ரெசிஸ்டரைக் குளிர வைப்பதே அந்தக் காற்றுத்தான். காற்று நின்றால் குறைந்த வேகத்திலும் அது வெந்துபோகும். வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்துகிறவர்கள் வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரத்தைக் கட்டாயம் பாருங்கள். சருகும் சில நேரம் எலிக்கூடும் கிடைக்கும்.

எந்த வேகத்திலும் ஓடவில்லையா? பியூஸ், ரிலே, மோட்டர், எர்த் (பற்றரியின் நெகட்டிவ் பக்கம்), சுவிட்ச் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். புதுசாக வேலை பழகுகிற தம்பிமார் விழுகிற குழி ஒன்று இங்கே இருக்கிறது. பல ஜப்பான் வாகனங்களில் சாவியைப் போட்டதும் மோட்டருக்கு 12 வோல்ட் நேரே வரும். சுவிட்ச் திறந்து மூடுவது எர்த் பக்கத்தை. சுவிட்ச் ஓஃபில் இருக்கும்போது மோட்டரின் இரண்டு முனையிலும் 12 வோல்ட் காட்டும். அதைப் பார்த்து வயரிங் பிழை என்று டாஷ்போர்டையே கழற்றிய ஆளையும் எனக்குத் தெரியும். இன்னொன்று, மீற்றர் மட்டும் போதாது. அரித்துப்போன வயரும் மீற்றருக்கு 12 வோல்ட் காட்டும். 21 வாட் பிரேக் பல்பு ஒன்றைக் கொழுவிப் பாருங்கள். பல்பு மங்கினால் வயரில் வில்லங்கம். டாஷ்போர்டுக்குக் கீழே தட்டியதும் ஓடத் தொடங்கினால் மோட்டரின் கார்பன் தேய்ந்துவிட்டது. தட்டித் தட்டி நாள் கடத்தலாம், ஆனால் அதிக நாள் இல்லை.

சூட்டையும் குளிரையும் தானாகவே சரிசெய்கிற ஓட்டோ ஏசி உள்ள புதிய கார்களில் இந்த ரெசிஸ்டர் இல்லை. மோட்டர் வேகத்தை ஒரு எலக்ட்ரோனிக் மொட்யூல் கட்டுப்படுத்துகிறது. அது போனால் விசிறி ஓடாது, அல்லது முழு வேகத்தில் மட்டுமே ஓடும். சிலவற்றில் சாவியை எடுத்த பிறகும் நிற்காது, விடியப் பற்றரி செத்திருக்கும். மொட்யூல் விலை கூட. வாங்குமுன் மோட்டரின் இழுவையை அளந்து பாருங்கள்.

இனி அந்தச் சிரிப்பு வருகிற ஹீற்றர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பள்ளிக்கூட லீவில் பிள்ளைகளோடு ஏறும்போது மழையில் கண்ணாடியின் உள்பக்கத்தை ஆவி மூடிவிடும். அப்போது காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஏசியைப் போட்டு, சூட்டையும் கொஞ்சம் கூட்டி, வெளிக்காற்றைத் திறந்து விடுங்கள். ஏசி ஈரத்தை எடுக்கும், சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இங்கே மார்கழி மழையில் நடப்பது வேறு. ஏசிக் குளிரில் கண்ணாடியின் வெளிப்பக்கம் மூடும். அதற்கு வைப்பரைப் போட்டு, குளிர்க் காற்றைக் கண்ணாடியில் படாமல் திருப்பினால் சரி.

ஏற்றத்தில் எஞ்சின் சூடு ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, புளோவரை நாலில் விடுங்கள். ஹீற்றர் கொயில் ஒரு குட்டி ரேடியேட்டர் மாதிரி வேலை செய்யும். காருக்குள் வேகும்தான், ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தில் பல வாகனங்களில் ஹீற்றர் கொயில் ஒழுகியதும் அதற்கு எஞ்சின் சூட்டுத் தண்ணீர் போய்வருகிற இரண்டு ஹோஸையும் ஒன்றோடு ஒன்று இணைத்து விட்டிருப்பார்கள். மலைக்குப் புறப்படுமுன் ஒரு நாள் எஞ்சினைச் சூடாக்கி, ஹீற்றரைப் போட்டு, கையை முன்னால் வைத்துப் பாருங்கள். சூடு வராவிட்டால் பொனட்டைத் திறந்து அந்த இரண்டு ஹோஸும் எங்கே போகின்றன என்று பாருங்கள்.