தோலுக்கடியில் 15 இலக்கங்கள்

தீபாவளிக்கு மறுநாள் காலை பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போனபோது, பூட்டிய பெட்டிக்கடையின் பலகைக்கு அடியில் ஒரு பீகிள் நாய் ஒடுங்கிக் கிடந்தது. கழுத்தில் பட்டை இல்லை. முந்தைய இரவின் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு எந்த வீட்டிலிருந்தோ ஓடி வந்திருக்கிறது. பிஸ்கட்டைக் காட்டி ஒருவழியாகத் தூக்கி, ஆட்டோ பிடித்து, எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன்.

"மேடம், இது யார் வீட்டு நாய்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?"

"தோலுக்கடியில மைக்ரோசிப் போட்டிருந்தா வழி இருக்கு சார். பாத்துடலாம்."

கைப்பிடி வைத்த வளையம் போன்ற ஒரு ஸ்கேனரை எடுத்தார். எஃகு மேசையில் நாயை நிறுத்திக் கழுத்துப் பக்கம் ஓட்டினார். ஒன்றுமில்லை. உடனே நாயைத் தரையில் ரப்பர் பாய்மேல் இறக்கினார். பிடரியில் ஆரம்பித்து, வலது தோள், இடது தோள் என்று கோலத்துக்கு இழை இழுப்பதுபோல் வளைத்து வளைத்து மெதுவாகக் கொண்டுபோனார். இடது முழங்கைக்குச் சற்று மேலே 'பீப்' என்றது. திரையில் 15 இலக்கங்கள். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அது முடிய இன்னும் மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில்தான் இந்தச் சிப் எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதைத் தேடித் தேடிப் படித்தேன்.

சிப் அரிசி அளவு என்பார்கள். வேகாத அரிசியைவிடப் பெரியது. 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் கனம். பிரியாணித் தட்டில் நீண்டு கிடக்கும் பாசுமதிப் பருக்கை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உடலுக்கு ஒத்துப்போகும் கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு கரிய ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த பீங்கான்) குச்சி, அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி, ஒரு மின்தேக்கி, கடுகைவிடச் சிறிய சிலிக்கான் துண்டு. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் குச்சி தெரிந்ததுதான். இலங்கை வானொலியை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தது இதே போன்ற, கம்பி சுற்றிய ஃபெரைட் குச்சிதான்.

பேட்டரி மட்டும் இல்லை. அதனால் தீர்ந்துபோக ஒன்றும் இல்லை; நாயின் ஆயுள் முழுக்க அப்படியே கிடக்கும். ஸ்கேனர் அருகில் வராத நேரத்தில் அது வெறும் கண்ணாடித் துண்டு. எந்த அலையையும் அனுப்பாது, யாருக்கும் எதுவும் சொல்லாது. "சிப் போட்டா நாய் எங்க இருக்குன்னு போன்ல தெரியுமா?" என்று என்னிடம் பலர் கேட்டார்கள். தெரியாது. ஜிபிஎஸ் வேலைக்குச் செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்கும் கருவி வேண்டும், அதைக் கணக்கிட்டு அனுப்ப மின்சாரம் வேண்டும். அதெல்லாம் கழுத்துப்பட்டையில் மாட்டும் சாதனங்களில்தான் உண்டு.

மின்சாரம் வருவது ஸ்கேனரிலிருந்து. அதன் வளையத்தில் நொடிக்கு 1,34,200 சுற்றுகள் என்ற வேகத்தில் மின்னோட்டம் முன்னும் பின்னும் புரள்கிறது. அதைச் சுற்றி எழும் காந்தப்புலமும் அதே தாளத்தில் புரளும். மாறும் காந்தப்புலத்துக்குள் ஒரு கம்பிச்சுருள் இருந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கும் என்று ஃபாரடே 1831இல் கண்டது இங்கே தோலுக்கடியில் நடக்கிறது. ஃபெரைட் குச்சி காந்தக் கோடுகளைத் தன்னை நோக்கி இழுத்துக் குவிக்கிறது. சுருளும் மின்தேக்கியும் அந்த 134.2 கிலோஹெர்ட்ஸ் தாளத்துக்கே ஒத்ததிரும்படி அளவெடுத்துச் செய்யப்பட்டவை. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துச் சின்னதாகத் தள்ளினாலே அது உயர எழும்பும் அல்லவா, அதுபோலச் சின்னப் புலமும் சிப்பை எழுப்பப் போதுமானதாகிவிடுகிறது.

எழுந்த சிப் பதில் சொல்லும் விதம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. தானே அலை உண்டாக்கிப் பேசும் அளவுக்கு அதனிடம் தெம்பு இல்லை. அது செய்வதெல்லாம் தன் சுருளில் ஒரு சுமையைச் சேர்ப்பதும் எடுப்பதும்தான். கிணற்றில் வாளியை இறக்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கீழே யாரோ வாளியை லேசாகப் பிடித்துப் பிடித்து விடுகிறார். ஆளைப் பார்க்காவிட்டாலும் மேலே நம் கையில் அந்தக் கனம் ஏறி இறங்குவது தெரிகிறது. ஸ்கேனரும் தன் வளையத்தின் மின்னழுத்தத்தில் வரும் அந்த நுண்ணிய ஏற்ற இறக்கத்தைக் கவனித்து, அதை ஒன்றும் சுழியமுமாக எழுதிக்கொள்கிறது.

ஒருமுறை சொல்ல 128 பிட்டுகள்; ஓர் ஒன்றோ ஒரு சுழியமோ ஒரு பிட். நொடிக்குச் சுமார் 4,194 பிட் வேகத்தில் ஏறக்குறைய 30 மில்லிநொடியில் முடிந்துவிடும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, ஸ்கேனர் விலகும் வரை ஜபம் போல. இடையில் வந்து கேட்கும் ஸ்கேனருக்கு வாக்கியத்தின் தொடக்கம் எது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. தொடக்க அடையாளம் பத்துச் சுழியங்களும் ஓர் ஒன்றும். அதற்குப் பின் வரும் செய்தியில் எட்டு பிட்டுக்கு ஒருமுறை கட்டாயமாக ஓர் 'ஒன்று' செருகப்படுகிறது. ஆகவே தொடர்ந்து பத்துச் சுழியம் வேறெங்கும் வரவே முடியாது. அது காதில் விழுந்தால் அங்கேதான் ஆரம்பம். தவறாகக் கேட்டுவிட்டோமா என்று சரிபார்க்க 16 பிட் தனியே உண்டு. அதனால் ஸ்கேனர் சரியான எண்ணைக் காட்டும், இல்லையென்றால் எதையும் காட்டாது.

இந்த ஒழுங்கையெல்லாம் வகுத்தவை சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 11784, 11785 என்னும் இரண்டு தரநிர்ணயங்கள். 1996இல் வந்தவை. 15 இலக்கத்தில் முதல் மூன்று நாட்டைக் குறிக்கலாம்; இந்தியாவுக்கு 356. இல்லையென்றால் 900க்கு மேல் தொடங்கி, சிப்பைச் செய்த நிறுவனத்தைக் குறிக்கும். மீதி 12 இலக்கத்துக்கு 38 பிட் இடம். ஒவ்வொரு முன்னெண்ணின் கீழும் 27,487 கோடிக்கு மேல் எண்கள் கிடைக்கும்.

இனி அந்த எஃகு மேசை. நம்ம மெட்ரோ அட்டையும் அத்திப்பள்ளி டோலில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டாகும் பேட்டரி இல்லாத இதே குடும்பம்தான். ஃபாஸ்டாக் 865 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்வதால் பல மீட்டர் தூரத்திலிருந்தே படிக்கப்படுகிறது. ஆனால் அந்த அலையை நீர் உறிஞ்சிவிடும். உடம்பில் பெரும்பகுதி நீர். தோலுக்கடியில் ஃபாஸ்டாகைப் புதைத்தால் பயன்படாது. 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு மெதுவாகப் புரளும் காந்தப்புலம் தசையையும் இரத்தத்தையும் தடையே இல்லாததுபோல் கடந்துபோகிறது. அதற்கு விலை தூரம்: வளையத்தை விட்டு விலக விலக, தூரம் இரட்டித்தால் புலம் எட்டில் ஒன்றாகக் குறைகிறது. அதனால் ஸ்கேனரை உடலோடு ஒட்டியே ஓட்ட வேண்டும். உலோகம் அருகில் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் கிளம்பிப் புலத்தைத் தின்றுவிடும். எஃகு மேசையில் கேட்காத பீப் தரையில் கேட்டது இதனால்தான். குச்சி எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது என்பதும் முக்கியம். காந்தக் கோடுகளுக்குக் குறுக்கே கிடந்தால் ஒன்றும் ஏறாது. வளைத்து வளைத்து, மெதுவாக ஓட்டுவதெல்லாம் ஏதாவது ஒரு கோணத்தில் அது நேராக மாட்டட்டும் என்பதற்கே.

பொருத்துவது இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலைத் தூக்கிப் பிடித்து, தடுப்பூசி ஊசியைவிடத் தடித்த ஊசியால். மயக்க மருந்து வேண்டாம். சில சிப்புகள் உள்ளே மெல்ல நகரும். முழங்கைப் பக்கம் கிடைத்ததற்குக் காரணம் அது. நகராமல் திசுவோடு ஒட்டிக்கொள்ளச் சிலவற்றுக்கு மேல்பூச்சு உண்டு. நாய்களில் கட்டி உண்டானதாகப் பதிவான சம்பவங்கள் மிக அரிது.

நாய்க்கு வந்த இந்தக் கருவி முதலில் மாட்டுக்காகத்தான் யோசிக்கப்பட்டது. அணு ஆயுத ஆய்வுக்குப் பெயர்போன அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்திடம் 1970களில் அந்நாட்டு வேளாண் துறை ஓர் உதவி கேட்டது: எந்த மாட்டுக்கு எந்த மருந்து கொடுத்தாயிற்று என்று பிசகாமல் அறிய வழி வேண்டும். அங்கிருந்து கிளைத்ததே கால்நடை ஆர்எஃப்ஐடி, அதாவது ரேடியோ அலையால் அடையாளம் காணும் முறை. நமக்கு இந்தக் கேள்வி இன்னும் பழையது. ஆநிரை கவர்தலுக்கு வெட்சி என்றும் மீட்டலுக்குக் கரந்தை என்றும் தனித்தனித் திணையே வைத்த மொழி நம்முடையது. மாடு மீட்கப் போய் மாண்டவர்களுக்கு எழுப்பிய நடுகற்கள் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நிற்கின்றன. சூட்டுக்குறி போட்டார்கள், காதை வெட்டி அடையாளம் வைத்தார்கள். சந்தையில் சுழி பார்த்து வாங்குகிறவர் இன்றும் இருக்கிறார். மாட்டின் மூக்கு நுனியில் உள்ள வரிகள் நம் கைரேகைபோல் தனித்தன்மை கொண்டவை என்று 1922இலேயே எழுதியிருக்கிறார்கள்.

கறிக்குப் போகக்கூடிய விலங்குக்குக் கண்ணாடிக் குப்பி ஏற்றதல்ல. நகர்ந்து இறைச்சியில் சிக்கிவிடும். அதனால் மாட்டுக்குக் காதில் மின்னணு வில்லை, அல்லது கனமான பீங்கான் குப்பியை விழுங்க வைப்பது. குப்பி தன் எடையாலேயே இரண்டாம் இரைப்பைக்குள் தங்கிவிடும். இவற்றில் பலவும் பேசும் முறையே வேறு. ஸ்கேனர் 50 மில்லிநொடி மின்னேற்றிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அந்த நிசப்தத்தில் வில்லை சேமித்த மின்சாரத்தைக் கொண்டு பதில் சொல்லும். எதிரே சத்தம் இல்லாததால் மெல்லிய குரலும் எட்டக் கேட்கிறது. வாயிலைத் தாண்டி நடக்கும் மாட்டை நிறுத்தாமலே எண்ணிவிடலாம்.

இந்தியாவில் மாடு எருமைகளின் காதில் தொங்கும் மஞ்சள் வில்லையில் மின்னணு எதுவும் இல்லை. பட்டைக்கோடும் 12 இலக்கமும் மட்டும். பசு ஆதார் என்று சொல்வது இதைத்தான். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அண்ணன் இதைக் கம்மல் என்பார். ஒருநாள் சுவரில் உரசி உரசி அவர் பசு கம்மலை அறுத்துக்கொண்டது. கறப்பதைக்கூட நிறுத்திவிட்டுச் சாணிக்குள் தேடிக்கொண்டிருந்தார். "காதுல இது இல்லன்னா நாளைக்கு மாட்டுக்கு ஒண்ணு ஆனா பணம் வராது தம்பி." மாட்டுக் காப்பீட்டில் வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பதுதான் விதி. செத்தது காப்பீடு செய்த அதே மாடுதான் என்று நிரூபிக்க வேறு சாட்சி இல்லை. தோலுக்கடியில் இருப்பது அப்படி அறுந்து விழாது.

அறுந்து விழாத அந்த எண்ணோடு நானும் மருத்துவரும் உட்கார்ந்திருந்தோம். 9இல் தொடங்கியது, ஆக நிறுவன எண். முன்னெண்ணை வைத்து நிறுவனத்தைப் பிடித்தார். அதன் விநியோகஸ்தர் மறுநாள் பார்த்துச் சொன்னார்: அந்த எண் அடங்கிய சிப் கட்டு நகரின் வேறொரு கிளினிக்குக்குப் போனது. அந்தக் கிளினிக்கின் நோட்டில் இருந்ததோ குட்டியை விற்ற வளர்ப்பாளரின் பெயர். விற்கும் முன் சிப் பொருத்த வேண்டும் என்று 2017இன் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்வதை அவர் செய்திருக்கிறார். வாங்கியவர் பெயரை எங்கும் சேர்க்கவில்லை. வளர்ப்பாளரின் போன் எண்ணும் உபயோகத்தில் இல்லை.

தோலுக்குள் இருப்பது எண் மட்டும். பெயரும் முகவரியும் வெளியே ஏதோ ஒரு பதிவேட்டில் இருக்கின்றன. மாநகராட்சிக்கு ஒன்று, சிப் நிறுவனத்துக்கு ஒன்று, கிளினிக்குக்கு ஒரு நோட்டு. எதில் தேடுவது என்று நாயைக் கண்டெடுத்தவருக்கு எப்படித் தெரியும்? அமெரிக்கக் காப்பகங்களில் நடத்தி 2009இல் வெளியான ஆய்வு ஒன்றில், சிப் உள்ள நாய்களில் 52 சதவீதம் வீடு திரும்பின. தனியே திரிந்து காப்பகங்களுக்கு வந்த நாய்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் 22 சதவீதமே. பூனைகளில் வித்தியாசம் இன்னும் பெரிது: 38க்கு 2. சிப் இருந்தும் உரிமையாளர் கிடைக்காமல் போனதற்கு முதல் காரணம் தவறான அல்லது துண்டிக்கப்பட்ட தொலைபேசி எண். ஸ்கேனரும் சிப்பும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்துவிடுகின்றன. வீடு மாறும்போதும் சிம் மாற்றும்போதும் நாம்தான் மறக்கிறோம்.

வெளிநாடு போகிறவர்கள் கவனிக்க இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நாயை அழைத்துப்போக முதலில் சிப், பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. முன்பே போட்ட ஊசி கணக்கில் வராது, ஏனென்றால் ஊசி போட்டது இந்த நாய்க்குத்தான் என்று சொல்ல அப்போது எண் இல்லை. ஊசிக்கு 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அதன்பின் மூன்று மாதம் காத்திருப்பு. வேலை கிடைத்து ஜெர்மனிக்குக் கிளம்பும் பெங்களூரு இளைஞர்கள் பலர் கடைசி மாதத்தில் இதை அறிந்து நாயை விட்டுப்போக நேர்கிறது. பார்க்கவே வயிறு கலங்கும்.

தெருநாய்களுக்குச் சிப் இன்னும் அவசியம் என்பேன். 2023 கணக்கெடுப்பில் பெங்களூரு மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 2.79 லட்சம் தெருநாய்கள். கருத்தடை ஆனதைக் காதில் உள்ள வெட்டு சொல்லும். கடைசியாக ரேபிஸ் ஊசி போட்டது எப்போது என்பதை எந்த வெட்டும் சொல்லாது. 2024இல் சிப் பொருத்தும் முன்னோட்டத்தை மாநகராட்சி கையிலெடுத்தது இதற்காகத்தான். சென்னை 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியது.

மூன்றாம் நாள், ஜோகுபாளையத்தில் நான் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து ஒரு தகப்பனும் மகளும் ஓடி வந்தார்கள். நாய் அந்தப் பெண்மேல் விழுந்து முகமெல்லாம் நக்கியது. நாய்க்குச் சிப் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தடுப்பூசிப் புத்தகத்தில் அதற்கான கட்டம் காலியாகவே இருந்தது. மருத்துவர் மறுபடி ரப்பர் பாயில் உட்கார்ந்து ஸ்கேன் செய்தார். மகள் ஒவ்வோர் இலக்கமாக வாசிக்க, அவர் கட்டத்தில் எழுதினார். பிறகு இன்னொரு முறை ஸ்கேன் செய்து, கடைசி நான்கு இலக்கத்தை விரல் வைத்துச் சரிபார்த்தார். கணினியில் பதிந்த போன் எண்ணைத் தன் கைபேசியில் அழுத்திவிட்டுக் காத்திருந்தார். தகப்பனின் சட்டைப் பையில் மணி அடித்தது.